பாட்டு முடிந்த பிறகும் நடந்தோம்

இன்று காலை அம்மா பீரோவின் அடித்தட்டைக் காலி செய்யச் சொன்னாள். பழைய துணிகளை மூட்டையாகக் கட்டிக் கொடுத்துவிட வேண்டுமாம். போர்வைகளுக்கு அடியில் என்னுடைய காக்கி ஒர்க்‌ஷாப் கோட்டு கிடந்தது. கல்லூரி முடிந்து இத்தனை வருஷமாகியும் லேத் எண்ணெயின் வாசம் அதை விட்டுப் போகவில்லை. உதறிப் பார்த்தால் இடது கையின் உட்புறத்தில் நீல மையில் உன் கையெழுத்து. ஒன்று, கதவு. இரண்டு, பூட்டு, கிட்டத்தில். மூன்று, நாலு பேர் நடப்பது, கால் மட்டும். அதற்குக் கீழே உள்ளவை வியர்வையில் கலைந்துவிட்டன. நோட்டில் எழுதினால் யார் கண்ணிலாவது படும் என்று, படப்பிடிப்புத் திட்டத்தை எழுத நீதான் என் கோட்டைக் கழற்றி வாங்கினாய்.

கோட்டை மூட்டையில் வைக்கவில்லை. உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மெக்கானிக்கல் பிரிவில் நம் வகுப்பில் நாலே பெண்கள். நீ கோட்டைமேட்டிலிருந்து வருவாய். உன் அப்பாவுக்கு, அத்தா என்பாய் நீ, அங்கே தையல் மெஷின் பழுதுபார்க்கும் கடை. நான் கணபதியிலிருந்து வருவேன். என் அப்பாவுக்கு அங்கே லேத் பட்டறை. முதல் நாள் அறிமுகம் முடிந்ததும் நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ரெண்டு பேரு ஊட்லயும் எண்ணெ வாசந்தான். ஒத்துப்போகும்" என்றாய். நாலு வருஷமும் ஒரே பெஞ்சு.

நம் ஒர்க்‌ஷாப் கட்டடம் வளாகத்தின் கடைசியில் இருந்தது. அதன் மூலையில் 'பெண்கள்' என்று எழுதிய ஒரு கதவு. கதவில் துருப்பிடித்த பூட்டு. உள்ளே பழைய சாமான்கள் போட்டிருப்பதாகச் சொன்னார்கள். மூன்று மணி நேர லேபுக்கு நடுவில் போக வேண்டுமென்றால் மெயின் பிளாக்குக்குத்தான் போக வேண்டும். போய்த் திரும்பினால் பாதி வேலை போயிருக்கும், வருகைப் பதிவும் போயிருக்கும். அதனால் நாம் நாலு பேரும் தண்ணீர் குடிக்காமலிருக்கப் பழகிக்கொண்டோம். அதை யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை. லேப் இருக்கும் நாளில் தண்ணீர் பாட்டில் பையை விட்டு வெளியே வராது, அவ்வளவுதான்.

இரண்டாம் வருஷம் நீ காய்ச்சலில் விழுந்தாய். சிறுநீரில் கிருமி, நாலு நாள் ஆஸ்பத்திரி. நான் பார்க்க வந்தபோது நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். "தண்ணி குடிக்கத் தெரியாத புள்ளையாட்டம் டாக்டர் திட்டறாருடி. நா என்னன்னு சொல்லுவேன்?" என்றாய். நீ அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

திரும்பி வந்ததும் சாவியைத் தேட ஆரம்பித்தாய். ஒர்க்‌ஷாப் ஃபோர்மேன், "ஆபீஸ்ல இருக்குமுங்க அம்மணி" என்றார். ஆபீசில் ஸ்டோரைக் காட்டினார்கள். ஸ்டோரில் துறைத்தலைவர் அறையைக் காட்டினார்கள். துறைத்தலைவர், "பாக்கலாம்மா, எழுதிக் குடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தோம். மூன்று முறை எழுதிக் கொடுத்தோம். மூன்றாவது கடிதத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது அறிவிப்புப் பலகையில் கலைவிழா நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மாணவர்களே எழுதி, பாடி, எடுக்கும் பாட்டு வீடியோவுக்குப் போட்டி. நாலு நிமிஷத்துக்கு மிகாமல்.

நீ ராப் பாடுவாய் என்பது எனக்கு மட்டும் தெரியும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, கடைப் பெயர்ப் பலகைகளை வாசித்தே தாளத்தில் அடுக்கிக்கொண்டு வருவாய். அன்றைக்கு நோட்டீசையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "கடுதாசியப் படிக்க மாட்டேங்கறாங்க. பாட்டக் கேக்கட்டும்" என்றாய்.

தினேஷை நான் கூட்டிவந்தேன். அந்தியூர்க்காரன், நம் வகுப்புதான், ஹாஸ்டலில் இருந்தான். செல்போனிலேயே இசைத்துண்டுகள் செய்வான். விஷயத்தைச் சொன்னதும், "ரெண்டு வருசமா அந்தக் கதவுமேல சாஞ்சுதானுங்க நா டீ குடிக்கறேன். படிச்சுக்கூடப் பாக்கலீங்க" என்றான். மறுநாளே வேலையைத் தொடங்கிவிட்டான். அரம் தேய்க்கிற சத்தம், சுத்தியல், டிரில்லிங் மெஷின் இறங்குகிற சத்தம் எல்லாவற்றையும் பதிவு செய்து தாளமாகக் கட்டினான். முதல் தடவை கேட்டபோதே நம் மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது, இது ஆகும் என்று.

வரிகளில்தான் சண்டை வந்தது. நான் கோபமாக எழுதியிருந்தேன். துறைத்தலைவரை 'நீ' என்றும் 'வாடா' என்றும் கூப்பிட்டிருந்தேன். ராப் என்றால் அப்படித்தான் என்று நினைப்பு. நீ படித்துவிட்டு ஒவ்வொரு வரியின் முடிவிலும் 'ங்க' போட்டாய்.

"இப்படிக் கேட்டா யாருக்குடி உறைக்கும்?" என்றேன்.

"திட்டுனா திட்டுனதப் பத்தித்தான் பேசுவாங்க. மரியாதையாக் கேட்டுப்போட்டா, கேட்டதுக்குத்தான் பதில் சொல்லணும்" என்றாய்.

அந்த வரிகள் எனக்கு இன்னும் மனப்பாடம்.

மூணு மணி லேபுங்க, முப்பது மிசினுங்க,
மூலையில கதவுங்க, மேல ஒரு பூட்டுங்க,
ஆபீசக் கேட்டனுங்க, ஸ்டோரக் காட்டுனாங்க,
ஸ்டோரக் கேட்டனுங்க, ரூமக் காட்டுனாங்க,
சாவி யாருகிட்டங்க?

உன் முகம் வீடியோவில் வர வேண்டும், அதற்கு அத்தா சம்மதிக்க வேண்டும். கடையில் பிரித்துப் போட்ட மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து அவர் பாட்டைக் கேட்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார். நீ ஆஸ்பத்திரியில் கிடந்ததற்கு என்ன காரணம் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்கிறது. "வார்த்தை சுத்தமா இருக்குதும்மா. மொகம் வந்தா வரட்டும்" என்றவர், திருப்புளியை எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டார். கொஞ்ச நேரம் அந்தத் திருப்புளி எதையும் திருகவில்லை.

ஒர்க்‌ஷாப்பில் படம் எடுக்க அனுமதி கேட்டோம். பாட்டின் வரிகளைக் காட்டு என்றார்கள். காட்டினோம். அனுமதி இல்லை என்றார்கள். நான் சோர்ந்துபோனேன். நீ என் கோட்டில் எழுதியதைப் பார்த்துக்கொண்டே, "லேத்து வேணும், டிரில்லு வேணும், பூட்டுன கதவு ஒண்ணு வேணும். உங்கப்பா பட்டறையில எல்லாம் இருக்குதில்ல?" என்றாய்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பட்டறைக்கு வந்தோம். அவசர ஆர்டர் ஒன்று இருந்ததால் அன்றைக்கும் அப்பாவும் சரோஜா அக்காவும் வேலையிலிருந்தார்கள். அக்காவை உனக்கு அன்றுதான் தெரியும். கடைந்து வரும் சாமான்களில் பிசிறு தேய்த்து எடுக்கும் வேலை அவருக்கு. பதினோரு வருஷமாக எங்கள் பட்டறையில் இருந்தார். காலையில் கதவும் பூட்டும் எடுத்தோம். லேத்துக்கு முன்னால் நின்று நீ முதல் பகுதியைப் பாடினாய். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பதினொரு மணி இருக்கும். நீ என் காதருகில் வந்து பாத்ரூம் எங்கே என்றாய்.

"ஊட்டுக்குப் போலாம், வா" என்றேன்.

"ஏன், இங்க இல்லியா?"

"பின்னாடி இருக்குது. ஆம்பளைங்களுக்கு" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. நீ திரும்பி அக்காவைப் பார்த்தாய்.

"ஏனுங்க்கா, நீங்க எங்க போவீங்க?"

"மொதலாளி ஊட்டுக்குத்தான் கண்ணு. நாலு தெருதான. காலைல ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா" என்றார் அக்கா, அரத்தை நிறுத்தாமலே.

தினமும் பதினொரு மணிக்கு அக்கா எங்கள் வீட்டுக்கு வருவார். பின்வாசலில் நின்று அம்மா கொடுக்கும் மோரைக் குடித்துவிட்டுப் போவார். பள்ளி விடுமுறைகளிலெல்லாம் பார்த்திருக்கிறேன். பதினோரு வருஷமும் அவர் மோருக்குத்தான் வருகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இத எடுக்கணும்" என்றாய்.

"இது காலேஜ் பாட்டு" என்றேன்.

"அங்க பூட்டு இருக்குது, இங்க கதவே இல்ல. வேறென்ன வித்தியாசம்?"

"எங்கப்பாவ ஊரு முன்னால நிறுத்தப் போறியா? உங்கத்தாவா இருந்தா எடுப்பியா?" என்று கத்தினேன். நான்தான் கத்தினேன். போனை அணைத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். தினேஷ் ஒரு ஓரமாகப் போய் ஸ்பீக்கரை நோண்டுகிற மாதிரி நின்றான். நீ சாணைக்கல்லுக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து, "எடுப்பேன்னுதான் நெனக்கிறேன். அத்தா கடையில வேலைக்குப் பொம்பளைங்க யாருமில்ல, அதனால தெரியல" என்றாய். வேறு யாராக இருந்தாலும் உடனே 'எடுப்பேன்' என்றிருப்பார்கள். அந்தத் 'தெரியல'யால்தான் என் கோபம் இறங்கியது. அன்றைக்கு அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

அதற்குள் அப்பா வந்துவிட்டார். "என்ன அம்மணி, ஏன் நின்னுபோச்சு?"

"ஒண்ணுமில்லீங்கப்பா" என்றேன்.

நீ எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாய். கல்லூரிக் கதவு, உன் ஆஸ்பத்திரி, நான் உன்னிடம் சொன்னது, அக்கா சொன்னது. ஒரு வார்த்தையும் மழுப்பவில்லை, ஒரு 'ங்க'வும் குறையவில்லை. அப்பா பனியன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்தார்.

"ஏஞ் சரோஜா, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"போயி சொல்ற விசயமுங்களா அது" என்றார் அக்கா. அரம் இப்போது நின்றிருந்தது.

அப்பா துணியை லேத்தின் மேல் வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல் உன்னிடம், "சரோஜாவுக்குச் சம்மதம்னா எடுங்க. நா ஊட்டுக்குப் போறேன். நா நின்னா அவ கூச்சப்படுவா. வேணும்னா மொபெட்ட வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு நடந்தே போனார்.

அக்கா சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை. மூஞ்சி கழுவி, வேறு சேலை கட்டிக்கொண்டு வருவேன் என்றார். "இதே சேலதானுங்க்கா நல்லாருக்கும்" என்று நீ சொல்லிப் பார்த்தாய். "உனக்கு நல்லாருக்கும். படத்துல இருக்கப் போறது நானு" என்றார். நீ சிரித்துவிட்டு விட்டுக்கொடுத்தாய். அக்கா போய், தீபாவளிக்கு எடுத்த மாம்பழ நிறச் சேலையில் வந்தார். அதுதான் எவ்வளவு சரியாக அமைந்தது என்று பிறகு நீயே பல தடவை சொல்லியிருக்கிறாய்.

தினேஷ் மொபெட்டை ஓட்டினான். நான் பின்னால் திரும்பி உட்கார்ந்து போனைப் பிடித்துக்கொண்டேன், மடியில் ஸ்பீக்கர். பட்டறை வாசலிலிருந்து எங்கள் வீட்டுப் பின்வாசல் வரை ஒரே ஷாட். அக்கா நடக்க, பக்கத்தில் நடந்துகொண்டே நீ பாட வேண்டும். முதல் தடவை இரண்டாம் தெருவில் நாய்கள் துரத்தின. இரண்டாம் தடவை மாவு மில்லுக்காரர் வெளியே வந்து, "ஏனுங்க சரோஜா, சினிமாவுங்களா?" என்று கேட்க, அக்கா நின்று பதில் சொல்லிவிட்டார். மூன்றாம் தடவை யாரும் குறுக்கே வரவில்லை. அக்கா எதிரே மட்டும் பார்த்து நடந்தார். அக்கா சேலை மாற்றப் போயிருந்தபோது ஸ்டூலில் உட்கார்ந்து நீ புதிதாக எழுதியிருந்த வரிகளைப் பாடினாய்.

நாலு தெரு நடையுங்க, நாளுக்கு ரெண்டுங்க,
மழையின்னா கொடையுங்க, வெய்யில்னா தலையுங்க,
பதினோரு வருசமுங்க, பாதை பழகிப்போச்சுங்க,
பாதை போட்டவங்க யாருங்க?

மூன்றாம் தெருவின் நடுவிலேயே பாட்டு முடிந்துவிட்டது. நாம் கணக்குப் பார்த்தது பாட்டின் நீளத்தை, தெருவின் நீளத்தை அல்ல. நான் போனை இறக்கப் போனேன். நீ கண்ணாலேயே வேண்டாம் என்றாய். பாடுவதை நிறுத்திவிட்டு அக்காவோடு சும்மா நடந்தாய். மொபெட்டின் சத்தம், இரண்டு பேரின் செருப்புச் சத்தம், எங்கோ ஒரு குக்கர் விசில். எங்கள் பின்வாசல் வந்தது. அம்மா மோர்ச் சொம்போடு நின்றிருந்தாள். அக்கா அதை வாங்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அங்கே முடிந்தது படம்.

அதைச் சேர்த்துப் பார்த்தால் ஆறு நிமிஷத்துக்கு மேல் வந்தது. பாட்டு இல்லாமலே இரண்டு நிமிஷத்துக்கு மேல் நடை. போட்டி நடத்தியவர்கள் நாலு நிமிஷத்துக்குக் குறைக்கச் சொன்னார்கள். நானும் தினேஷும் குறைத்துவிடலாம் என்றோம். "அக்கா இன்னும் ஊடு போய்ச் சேரலயே, எப்படி வெட்டறது?" என்றாய். இரண்டு நாள் வாதாடினோம். நீ இறங்கி வரவில்லை. வீடியோவைப் போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

அன்று மாலையே வகுப்புக் குழுவில் போட்டோம். அங்கிருந்து ஹாஸ்டலுக்கு, பிறகு மற்றக் கல்லூரிகளுக்கு. இரண்டாம் நாள் சாப்பாட்டு இடைவேளையில் ஒர்க்‌ஷாப் மூலைக் கதவுக்கு முன்னால் பையன்கள் கூட்டமாக நின்று, 'சாவி யாருகிட்டங்க' என்று மேஜையில் தட்டுவதுபோல் கதவில் தட்டிக்கொண்டிருந்தார்கள். கேட்டுக்கொண்டு நின்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. உனக்கு எரிச்சல் வந்தது. "வெளையாட்டு ஆக்கிப்போடுவாங்க. இன்னைக்கே போகணும்" என்றாய். நாம் போவதற்கு முன்பே துறைத்தலைவரிடமிருந்து ஆள் வந்துவிட்டது.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். களைத்த முகத்தோடு, "வீடியோவ எடுத்துருங்கம்மா. என்ன வேணும்னு என்கிட்ட நேரா வந்து கேட்டிருக்கலாமில்ல?" என்றார். நீ பையிலிருந்து மூன்று கடிதங்களின் நகல்களையும் எடுத்து அவர் மேஜையில் வைத்தாய். அவர் தேதிகளைப் பார்த்தார். "சரி, பாக்கலாம். கிளாசுக்குப் போங்க" என்றார்.

நான் எழுந்துவிட்டேன். நீ எழவில்லை.

"இருக்கறமுங்க சார்" என்றாய்.

"எதுக்கு?"

"சாவிக்குங்க சார்."

அவர் போனை எடுத்தார். ஆபீசுக்கும் ஸ்டோருக்கும் மாறி மாறிப் பேசினார். நாம் மாதக்கணக்கில் நடந்த அதே வட்டத்தை அவரும் அரை மணி நேரம் சுற்றினார். கடைசியில் ஒரு பெரிய சாவிக்கொத்து வந்தது. எல்லோரும் கதவுக்குப் போனோம். ஒரு சாவியும் பொருந்தவில்லை. அந்தப் பூட்டின் சாவி யாரிடமும் இல்லை. ஃபோர்மேன் ரம்பத்தைக் கொண்டுவந்து துறைத்தலைவரைப் பார்த்தார். நீ கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாய். பூட்டை அறுக்க உனக்குப் பத்து நிமிஷம் ஆனது. உள்ளே பழைய வரைபலகைகள். அவற்றுக்குப் பின்னால் ஒரு கைகழுவும் தொட்டி, கடையில் ஒட்டிய காகிதம்கூட உரியாமல். கட்டிய நாளிலிருந்து யாரும் அதைத் தொட்டதே இல்லை.

அப்பா அந்த வீடியோவைப் பற்றி இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த மாதமே பட்டறைக்குப் பின்னால் கொத்தனார் வந்தார். கதவு வைத்த அன்று அப்பா அக்காவிடம், "தாழ்ப்பாள் சரியா விழுதான்னு நீயே பாத்துச் சொல்லு சரோஜா" என்று மட்டும் சொன்னாராம். அக்கா அதன் பிறகும் பதினொரு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தார். "இப்பத்தான் அம்மணி மோருக்கு வாரேன்" என்றார் என்னிடம். இதை உனக்குப் போனில் சொன்னபோது நீ வெகுநேரம் சிரித்தாய்.

பிறகு நாம் வேலைக்குப் போனோம். நீ ஓசூர் பக்கம், நான் இங்கேயே பம்பு செய்யும் கம்பெனியில். போன வருஷம் மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் என்றார்கள். டெங்கு என்றார்கள். ஐந்தாம் நாள் தினேஷ் எனக்குப் போன் செய்தான், பேசாமலே இருந்தான். இருபத்தாறு வயது உனக்கு. கோட்டைமேட்டு வீட்டில் உன் அத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பாட்ட எங்கயும் எடுத்துராதீங்கம்மா. அதுல அவ நல்லா நடக்கறா" என்றார். எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டோம்.

நான் உன்னைப்போல் இல்லை. கேட்பதை ஒரு தடவை கேட்டுவிட்டு, பதில் வராவிட்டால் மரியாதைக்காக எழுந்து வந்துவிடுகிற ஆள். போன மாதம் எங்கள் கம்பெனி வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் கட்டப் போகும் புது யூனிட்டின் வரைபடத்தை மேஜையில் விரித்தார்கள். பெண்கள் நாற்பது பேர் வேலை செய்யப்போகும் கூடம். அவர்களுக்கான கழிப்பறை, செக்யூரிட்டி கேட்டைத் தாண்டி எதிர்க்கோடியில் இருந்தது. கூடத்துக்குப் பக்கத்திலேயே வைக்கக் கூடாதா என்று கேட்டேன். "அடுத்த கட்டத்துல பாத்துக்கலாமுங்க மேடம்" என்றார் மேனேஜர். எல்லோரும் தலையாட்டினார்கள். கூட்டம் முடிந்தது, நாற்காலிகள் நகர்ந்தன, ஒவ்வொருவராக வெளியே போனார்கள். என் கால் எழப் பார்த்தது. மேஜைக்கு அடியில் இரண்டு முழங்கால்களையும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். வாய் உலர்ந்துவிட்டது. முன்னால் இருந்த தண்ணீரை முழுக்கக் குடித்தேன்.

மேனேஜர் கதவருகில் போய்த் திரும்பிப் பார்த்தார். "வேற ஏதாவதுங்களா?"

"இல்லீங்க. இது ஒண்ணுதானுங்க" என்றேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பி, பென்சில் இருக்கிறதா என்று கேட்டார்.